ஒன்றரை மணி நேரத்தில் திருச்சியா?

கேள்வி: அம்மாவைத் திருச்சிக்கு அழைத்துப் போகிறேன். கோலாலம்பூர் விமான நிலையமான கேஎல்ஐஏவில் இரவு 8:30-க்குப் புறப்பட்டு 10:00-க்குச் சேரும் என்று டிக்கெட்டில் இருக்கிறது. திரும்பும்போது இரவு 10:40-க்கு ஏறினால் விடியற்காலை 5:05. போக ஒன்றரை மணி நேரம், வர ஆறரையா? அம்மா இன்சுலின் போடுபவர். வீட்டிலிருந்து எப்போது கிளம்ப வேண்டும்?
வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: போக வர இரண்டுமே ஏறக்குறைய நான்கு மணி நேரம்தான். போகும் டிக்கெட்டில் புறப்படும் நேரம் மலேசியக் கணக்கு, சேரும் நேரம் இந்தியக் கணக்கு; திரும்பும்போது இது தலைகீழ். இந்தியா நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால். நீங்கள் திருச்சியில் 10:00-க்கு இறங்கும்போது உங்கள் வீட்டுக் கடிகாரத்தில் மணி 12:30. திரும்பும்போது அதே இரண்டரையைக் கழித்தால் 3 மணி 55 நிமிடம். "ரெண்டு மணி நேரம்தானே வித்தியாசம்?" என்று பெரியவர்கள் கேட்டால் சிரிக்காதீர்கள். 1981 வரை அதுதான் சரி. 1982 ஜனவரி 1 முதல்தான் தீபகற்ப மலேசியா கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளி வைத்தது.

வான்வழித் தூரம் சுமார் 2,690 கிலோமீட்டர். நேர்க்கோடு சுமத்ராவின் வடமுனை, வங்காள விரிகுடா, யாழ்ப்பாணத்துக்குச் சற்று வடக்கே என்று போகும். மணிக்கு 830 கிலோமீட்டர் வேகம் என்று வகுத்தால் மூன்றேகால் மணிதான் வரும். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, ஏறுவது, இறங்குவது, வழி சற்று வளைவது எல்லாம் சேர்ந்துதான் நான்காகிறது. காற்றைப் பொறுத்துக் கொஞ்சம் கூடும், குறையும்.

உண்மையில் உங்களை அலைக்கழிக்கப்போவது ஆகாயம் அல்ல, ரோடு. சுங்கை சிப்புட்டிலிருந்து கேஎல்ஐஏ ஏறத்தாழ 290 கிலோமீட்டர். அம்மாவுக்காக ஓரிடத்தில் நிறுத்தினால் காரில் நான்கு மணி நேரம் ஓடிவிடும். மாலை 5:30-க்கு அங்கே இருக்கப் பாருங்கள். அப்படியானால் பகல் ஒன்றரைக்குள் கிளம்ப வேண்டும். வெள்ளிக்கிழமை, பள்ளி விடுமுறை, பெருநாள் என்றால் பதினொன்றரைக்கே. ரயில் என்றால் இடிஎஸ் மின்சார ரயிலில் கோலாலம்பூரின் கேஎல் சென்ட்ரல் நிலையம் வரை. அங்கிருந்து விமான நிலைய ரயிலில் அரை மணி நேரம். பினாங்கு விமான நிலையம் உங்களுக்குக் கிட்டே. இண்டிகோ 2024 டிசம்பரில் அங்கிருந்து சென்னைக்கு நேரடிச் சேவை தொடங்கியது. ஆனால் சென்னையிலிருந்து திருச்சி இன்னும் 330 கிலோமீட்டர். இங்கே மிச்சப்படுத்திய அலைச்சலை அங்கே படுவதற்கு, அம்மாவோடு போகும் நீங்கள் கேஎல்ஐஏவிலேயே ஏறலாம்.

திரும்பி வரும் விடியற்காலையில் உடனே ஸ்டியரிங்கைப் பிடிக்காதீர்கள். தூக்கம் கெட்ட கண்ணோடு உங்கள் ஊருக்குப் பக்கத்திலுள்ள ஈப்போ வரை ஓட்டுவது ஆபத்து.

இன்சுலினுக்கு ஊர் நேரம் வேண்டாம். ஊசிக்கும் ஊசிக்கும் இடையே எத்தனை மணி நேரம் கடந்தது என்பதே கணக்கு. அம்மாவின் கைக்கடிகாரத்தை மலேசிய நேரத்திலேயே விட்டுவிடுங்கள். அங்கே தங்கும் நாட்களில் வேளையை மாற்ற வேண்டுமா என்பதை டாக்டர் சொல்லட்டும். மருந்தைப் பெரிய பெட்டியில் போட்டு அனுப்பாதீர்கள். சரக்கறைக் குளிரில் உறைந்தால் கெட்டுவிடும். கைப்பையில், டாக்டர் கடிதத்தோடு வையுங்கள்.