நாற்பதாம் நாள் காயமும் இன்றைய கட்டியும்

கேள்வி: வயது 27. ஊர் இலங்கையில் மன்னார் முசலிப் பக்கம். முதற்பிள்ளை வயிற்றில், இது நான்காம் மாதம். நான் பிறந்த நாற்பதாம் நாள் ஒஸ்தா மாமி (இதைச் செய்யும் ஊர்ப் பெண்) வந்து கத்னா, அதாவது பெண்ணுறுப்பில் வெட்டும் சடங்கு, செய்தாராம். அந்த இடத்தில் சில வருடங்களாகப் பட்டாணி அளவில் ஒரு கட்டி. வலியில்லை, மெல்லப் பெருக்கிறது. பிரசவத்துக்கு இடைஞ்சலா? கிளினிக்கில் சொல்ல வெட்கமாக இருக்கிறது. பெண்பிள்ளை என்றால் அதற்கும் செய்ய வேண்டும் என்கிறார் கணவரின் தாயார்.

பதில்: காயம் ஆறும்போது மேல்தோலின் துணுக்கொன்று வடுவுக்குள் புதைந்துபோவதுண்டு. புதைந்த பின்னும் அது செத்த தோலை உதிர்த்துக்கொண்டே இருக்கும். வெளியேற வழியில்லாமல் அது வெள்ளை மாவைப் போலத் திரண்டு, பல ஆண்டுகள் கழித்துக் கட்டியாகத் தெரியவரும். உங்களுடையது பெரும்பாலும் அதுதான். ஆனாலும் கடிதத்தை வைத்து முடிவு சொல்ல முடியாது. வைத்தியர் ஒருவர் பார்த்தாக வேண்டும்.

ஊசியால் குத்தாதீர்கள், பிதுக்காதீர்கள். சிறிதாக, தொந்தரவின்றி இருந்தால் பிரசவம் முடியும்வரை விட்டுவைக்கலாம். கர்ப்ப காலத்தில் அங்கே இரத்த ஓட்டம் அதிகம். பிறகு சத்திரசிகிச்சையில் பையோடு முழுமையாக எடுப்பார்கள். பை மிஞ்சினால் திரும்ப வரும். சிவந்து, சூடேறி, நோவெடுத்தால் மட்டும் காத்திருக்க வேண்டாம், அன்றே போங்கள்.

சோமாலியா, சூடான் பக்கம் பெண்ணுறுப்பின் உதடுகளை வெட்டி அதன் வாசலையே தைத்து மூடும் வழக்கம் உண்டு. அங்கே சிறுநீர் தேங்கும், சலக்கடுப்பு திரும்பத் திரும்ப வரும், பிரசவத்துக்கு முன் மூடிய வாசலைத் திறந்துவிட வேண்டும். இங்கே நடப்பது பெரும்பாலும் கீறலோ சிறு துண்டு எடுப்பதோதான். வாசல் மூடப்பட்டிராவிட்டால் இயல்பான பிரசவத்தையே எதிர்பார்க்கலாம். வடு இறுகியிருந்தால் கிழியக்கூடும். அது பிரசவ அறையில் முதன்முதலாகத் தெரியவருவதுதான் எனக்குப் பிடிக்காதது. மருத்துவ மாதுவிடம் “சிறுவயதில் வெட்டியிருக்கிறது, கட்டி இருக்கிறது” என்று மட்டும் சொல்லுங்கள். மிச்சத்தை அவர் பார்த்துக்கொள்வார். பெண் வைத்தியர் வேண்டுமென்று கேட்பதிலும் தவறில்லை.

பிள்ளைக்கு வேண்டவே வேண்டாம். இதனால் உடலுக்கு ஒரு நன்மையும் இல்லை. வைத்தியர்கள் இதைச் செய்யக்கூடாது என்று இலங்கைச் சுகாதார அமைச்சு 2018 இல் சுற்றறிக்கை விட்டது. நான்கு கிலோக் குழந்தையின் மொத்த இரத்தமே ஏறத்தாழ 320 மில்லிலீற்றர்தான். ஏற்புவலிக்கு எதிராகக் குழந்தைக்குப் போடும் தடுப்பூசி இரண்டு மாதம் நிறைந்த பின்னரே தொடங்குகிறது. நாற்பதாம் நாள் அதற்கும் முன்னால் வந்துவிடுகிறது. மாமியாரிடம் இந்த இரண்டையும் சொல்லிப் பாருங்கள்.

உங்களை மீறி யாராவது செய்துவிட்டால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்தபடியே வைத்தியசாலைக்குக் கொண்டு ஓடுங்கள். சாம்பல், கோப்பித்தூள் எதையும் அப்ப வேண்டாம். குழந்தை கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தது என்பதைக் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள், வைத்தியர் கேட்பார்.