கண்ணை ஏமாற்றும் புதிர் கேம்கள்: வாங்குமுன் சில கேள்விகள்

கேள்வி: மானுமென்ட் வேலி முடித்துவிட்டேன். அதே மாதிரி வேண்டும் என்று தேடினால் சூப்பர்லிமினல், ஆன்டிசேம்பர், ஃபெஸ், வியூஃபைண்டர் என்று ஒரே பட்டியலில் வருகின்றன. எதை வாங்குவது?

பதில்: அந்தப் பட்டியலை நம்பி வாங்கினால் பாதிப் பேருக்கு ஏமாற்றம்தான் மிஞ்சும். கடைகள் எல்லாவற்றுக்கும் 'மாயத்தோற்றம்' என்று ஒரே பெயரை ஒட்டிவிடுகின்றன. உள்ளே நடப்பது வேறு வேறு.

2014இல் வந்த மானுமென்ட் வேலியில் தூரத்துப் பொருள் சிறுத்துத் தெரியாது. பக்கத்துத் தூணும் பின்னால் இருக்கும் தூணும் திரையில் ஒரே அளவு. அதனால் எது முன்னே, எது பின்னே என்று கண்ணால் சொல்ல முடியாது. ஒரு கைப்பிடியைச் சுழற்றும்போது இரண்டு பாதைகளின் விளிம்புகள் திரையில் ஒட்டி நின்றால், அவை உண்மையிலேயே சேர்ந்துவிட்டதாக கேம் எடுத்துக்கொள்கிறது. 1958இல் லயனல் பென்ரோஸும் ரோஜர் பென்ரோஸும் வெளியிட்ட, நிஜத்தில் கட்ட முடியாத முக்கோணமும் இதே வித்தைதான். நீங்கள் வெளியில் உட்கார்ந்து ஒரு பொம்மை வீட்டைத் திருப்பிப் பார்க்கிறீர்கள், அவ்வளவே.

இந்த அமைதி பிடித்திருந்தால் அடுத்தது மானுமென்ட் வேலி 2 (2017). முதல் பாகத்தையே கணினியில் மறுபடி ஆட ஆசை என்றால் பனோரமிக் எடிஷன் வாங்குங்கள். ஃபோனில் தனிக் கட்டணத்துக்கு வந்த ஃபர்காட்டன் ஷோர்ஸ் அத்தியாயங்கள் அதில் சேர்ந்தே வருகின்றன.

ஃபெஸ் (2012) பாதி இந்த வகை. உலகத்தை 90 பாகையாகத் திருப்பலாம், திருப்பியதும் ஆழம் காணாமல் போய்விடும். எட்டாத தூரத்தில் இருந்த மேடை பக்கத்தில் வந்து நிற்கும். ஆனால் இதில் குதிக்க வேண்டும், தவறினால் விழுவீர்கள். 32 கனசதுரங்களைச் சேர்த்தால் ஒரு முடிவு கிடைக்கும். இன்னும் 32 மறைந்திருக்கின்றன. அவற்றுக்கு ரகசிய எழுத்துகளைப் படித்துக் குறித்துவைக்க நோட்டும் பேனாவும் வேண்டும். இதைத் தொந்தரவாக நினைப்பவர்களுக்கு வேண்டாம், ரசிப்பவர்கள் தயங்காமல் வாங்கலாம்.

சூப்பர்லிமினல் (2019), புகைப்படத்தை எதிரே வைத்தால் அது நிஜ இடமாகிவிடும் வியூஃபைண்டர் (2023), ஆன்டிசேம்பர் (2013) மூன்றிலும் கேமரா உங்கள் கண்ணிடத்தில் இருக்கிறது. நடந்து, திரும்பி, அண்ணாந்து பார்த்து ஆட வேண்டும். இவற்றில் ஆன்டிசேம்பர் கண்ணை அல்ல, வழியை ஏமாற்றுவது: வந்த வழியே திரும்பினால் வேறு அறை இருக்கும். மானுமென்ட் வேலியின் அழகைத் தேடி அதை வாங்காதீர்கள்.

கேள்வி: சூப்பர்லிமினலில் ஒரு பொருளைப் பெரிதாக்கவே முடியவில்லை. எடுத்து வைத்தால் சின்னதாகிறது. கேமில் கோளாறா? பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?

பதில்: கோளாறு இல்லை. பொருளைக் கையில் எடுத்ததும், திரையில் அது எவ்வளவு இடத்தை அடைத்ததோ அந்த அளவு அப்படியே நிற்கும். விடும்போது, நீங்கள் பார்க்கும் திசையில் சுவரிலோ தரையிலோ இடிக்கும்வரை கேம் அதைத் தள்ளிக்கொண்டே போய் வைக்கிறது. 2 மீட்டரில் எடுத்ததை 6 மீட்டரில் விட்டால் உயரம் 3 மடங்கு, கன அளவு 27 மடங்கு. எனவே பொருளுக்கு மிக அருகில் போய், அது திரையை அடைத்துத் தெரியும்போது எடுங்கள். பிறகு தூரத்துச் சுவரையோ கூரையையோ பார்த்து விடுங்கள். போதாவிட்டால் மறுபடி அருகில் போய் அதையே செய்யுங்கள். சிறிதாக்க, தூரத்திலிருந்து எடுத்துக் காலடித் தரையைப் பார்த்து விட்டால் போதும்.

பெரும்பாலோர் செய்யும் தவறு, எடுத்த பொருளைப் பார்த்துக்கொண்டே தலையைக் குனிவது. தரைதான் அருகில் இருக்கிறது, அதனால் பொருள் சுருங்கிவிடுகிறது. குறுகலான அறையிலும் பெரிதாகாது. தள்ளிப்போக இடமில்லாமல் சுவர் முட்டிவிடும்.

தரையிலும் சுவரிலும் துண்டு துண்டாக ஓவியம் தெரியும் இடங்களிலும் பலர் திணறுகிறார்கள். ஒரே ஒரு புள்ளியில் நின்றால்தான் துண்டுகள் சேர்ந்து முழுப் பொருளாகும். முதலில் பக்கவாட்டில் நகர்ந்து நேர்க்கோடுகளைப் பொருத்துங்கள், பிறகே முன்னும் பின்னும் நகருங்கள். இரண்டையும் ஒன்றாகச் செய்தால் அரை மணி நேரம் போய்விடும்.

கேள்வி: இருபது நிமிடம் ஆடினாலே தலை சுற்றுகிறது. குமட்டலும் வருகிறது.

பதில்: திரையில் நீங்கள் நடப்பதாகக் கண் சொல்கிறது, அசையவில்லை என்று உள்காது சொல்கிறது. அந்த முரண்தான் காரணம். நேர்க்கோடுகளையே நம்பவிடாத இந்த கேம்களில் அது கூடுதலாகத் தாக்கும். செட்டிங்ஸில் பார்வைக் கோணம் (திரையில் எவ்வளவு அகலமாகக் காட்சி தெரிகிறது என்பது) இருக்கிறதா என்று பாருங்கள். மேசையில் திரைக்கு அருகில் உட்கார்ந்து ஆடுபவர்கள் 85 முதல் 95 பாகை வரை வைத்துப் பார்க்கலாம். அதற்கு மேல் போனால் ஓரங்கள் இழுபட்டுத் தெரியும். மோஷன் பிளர் (அசையும்போது காட்சி மங்குவது), நடக்கும்போது தலை ஆடுவது ஆகியவற்றை நிறுத்துங்கள். ஃபிரேம் வேகம் (நொடிக்கு எத்தனை படம் என்பது) 60க்குக் கீழே விழுந்தால் கிராபிக்ஸ் தரத்தைக் குறையுங்கள். அறை விளக்கை அணைக்காதீர்கள். குமட்டல் தொடங்கியதும் எழுந்துவிடுங்கள், பல்லைக் கடித்துக்கொண்டு ஆடினால் பழகிவிடும் என்பது சரியல்ல. இத்தனையும் செய்தும் முதல் ஒரு மணி நேரத்தில் மாறவில்லை என்றால் ரீஃபண்ட் கேளுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

கேள்வி: ரீஃபண்ட் நிபந்தனை என்ன? இவை இரண்டு மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடுமாமே?

பதில்: கணினி கேம்கள் விற்கும் ஸ்டீம் தளத்தில் வாங்கி 14 நாட்களுக்குள், ஆடிய நேரம் 2 மணி நேரத்துக்குள் இருந்தால் காரணம் எதுவானாலும் கேட்கலாம். கவனிக்க வேண்டியது, கேம் திறந்திருக்கும் நேரமெல்லாம் கணக்கில் சேரும். இடைநிறுத்திவிட்டுச் சாப்பிடப் போனாலும் கடிகாரம் ஓடுகிறது. வாங்கிய அன்றே செட்டிங்ஸைச் சரிசெய்து, 45 நிமிடம் ஆடி, முடிவெடுங்கள். விலை குறைவு என்று வேறு தளத்தில் ஆக்டிவேஷன் கீ (ஸ்டீமில் உள்ளிட்டு கேமைத் திறக்கும் குறியீடு) வாங்கினால் ஸ்டீம் பணம் தராது, விற்றவரிடம்தான் கேட்க வேண்டும். கூகுள் பிளேயில் 48 மணி நேரத்துக்குள் கேளுங்கள். பிளேஸ்டேஷன் கடையில் டவுன்லோட் தொடங்கிவிட்டாலே வாய்ப்பு பெரும்பாலும் போய்விடும். அங்கே டெமோ இருந்தால் முதலில் அதை ஆடிப் பாருங்கள்.

சின்ன கேம் என்பதால் விலை அநியாயம் என்று சொல்ல மாட்டோம். இந்த வித்தைகளை நீட்டினால் அலுத்துவிடும், சுருக்கமாக முடிவதே நேர்மை. ஆனால் முடித்துவிட்டுப் பணத்தைத் திரும்பக் கேட்பது சரியல்ல. இவற்றில் பல, ஒருசிலர் கொண்ட குழுக்கள் ஆண்டுக்கணக்கில் செய்த வேலை.

கேள்வி: சந்தாவில் கிடைக்கும்போது தனியாக வாங்குவது வீண் செலவா?

பதில்: ஒருமுறை ஆடுவதற்குச் சந்தா போதும். திரும்ப ஆட நினைப்பதை மட்டும் வாங்குங்கள். மானுமென்ட் வேலி 3, 2024 டிசம்பரில் நெட்ஃபிளிக்ஸ் சந்தாதாரர்களுக்கு வந்தது. 2025 ஜூலையில் அங்கிருந்து எடுக்கப்பட்டு, அதே மாதம் கணினிக்கும் கன்சோல்களுக்கும் தனி விற்பனைக்கு வந்தது. பாதியில் விட்டிருந்தவர்கள் மறுபடி காசு கொடுக்க வேண்டியதாயிற்று.

கேள்வி: எனக்குச் சிவப்பு, பச்சை பிரித்தறிவதில் சிரமம். தி விட்னஸ் வாங்கலாமா?

பதில்: வாங்கலாம், ஒரு எச்சரிக்கையோடு. 2016இல் வந்த அந்த கேமில் 500க்கும் மேற்பட்ட புதிர்கள். ஒரு பகுதி முழுக்க நிறத்தை நம்பியது, இன்னொன்று ஒலியை. அந்த இரண்டிலும் சிக்கிக்கொள்ள வேண்டியதில்லை. கேம் நடக்கும் தீவில், ஒரு பகுதியின் புதிர்களை முடித்தால் அங்கே ஒரு லேசர் எரியும். மொத்தம் உள்ள 11 லேசர்களில் 7ஐ ஏற்றினாலே முடிவுக்கான வழி திறந்துவிடும்.