வீட்டுக்காரர் எம்பி எலக்‌ஷன்ல சுயேச்சையா நிக்கப் போறாராம், நான் என்ன பண்றது?

கேள்வி: அக்கா, நான் அரசுப் பள்ளி டீச்சர். என் வீட்டுக்காரர் மோட்டார் காயில் கட்டுற கடை வச்சிருக்காரு. எங்க ஊர் ரயில்வே கேட்டுக்கு சப்வே வேணும்னு ஆறு வருஷமா மனு மேல மனு போட்டு அலைஞ்சு, கடைசில வேலை ஆரம்பிச்சுட்டாங்க. அதுலேர்ந்து நாலு பேரு "நீங்களே எம்பிக்கு நில்லுங்கண்ணே"ன்னு ஏத்தி விட்டுட்டாங்க. அடுத்த எம்பி எலக்‌ஷன்ல சுயேச்சையா நிக்கப் போறாராம். என் ஏழு பவுன் நகைய அடகு வைக்கணுமாம், முன்மொழியுற பத்து பேர்ல முதல் கையெழுத்து நான்தான் போடணுமாம். மறுத்தா "நீயே நம்பலன்னா ஊரு எப்படி நம்பும்"ங்கறாரு. ராத்திரி தூக்கம் இல்ல அக்கா. (பெயர் வேண்டாம்)

பதில்: தங்கச்சி, முதல்ல அந்தக் கையெழுத்து விஷயத்த முடிச்சுடுவோம். போடாதீங்க. நீங்க அரசு ஊழியர், தேர்தல்ல யாருக்கும் ஆதரவா வேலை பாக்கக் கூடாது, அது புருஷனா இருந்தாலும் சரி. முன்மொழியறதும் அதுல சேரும். "சரி, அப்ப பூத் ஏஜென்ட்டா உக்காரு"ன்னு கேட்டாலும் முடியாதுன்னு சொல்லிடுங்க, அரசு ஊழியர் தேர்தல் ஏஜென்ட்டாவோ பூத் ஏஜென்ட்டாவோ கவுன்ட்டிங் ஏஜென்ட்டாவோ இருந்தா மூணு மாசம் வரைக்கும் ஜெயில், இல்ல அபராதம், ரெண்டும் கூட வரலாம்னு சட்டத்துலயே இருக்கு. உங்களுக்கே எலக்‌ஷன் டூட்டி போடுவாங்க, அப்ப இவரு வேட்பாளர்ங்கறத மறைக்காம முன்னாடியே ஆபீஸ்ல எழுதிக் குடுத்துடுங்க. ஆக "நம்பிக்கை இல்லாம இல்லைங்க, சம்பளம் போயிடும்"னு சொல்லுங்க, சண்டை பாதி குறையும்.

மிச்சப் பாதிக்கு என் சித்தப்பா கதைய சொல்லணும். 1996ல அவரும் எம்பிக்கு சுயேச்சையா நின்னாரு. அப்ப டெபாசிட் வெறும் 500 ரூவாதான், அதனால யாரு வேணா நிக்கலாம்னு ஆகி அந்த வருஷம் நல்கொண்டா எம்பி தொகுதில மட்டும் 480 பேரு நின்னாங்க, நம்ம மொடக்குறிச்சி சட்டமன்றத் தொகுதில 1033 பேரு, வாக்குச்சீட்டையே புஸ்தகமா அடிச்சாங்க. அந்த எலக்‌ஷன் முடிஞ்ச கையோட டெபாசிட்டை ஏத்துனாங்க, இப்ப 25,000, பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 12,500. சித்தப்பாவுக்கு விழுந்தது 412 ஓட்டு. 500 ரூவா போனதப் பத்தி அவரு கவலையே படல, அந்த 412 பேரு யாருன்னு கண்டுபிடிக்கறதுலதான் அடுத்த ரெண்டு வருஷம் போச்சு. கல்யாண வீட்டுல பந்தில உக்காந்துகிட்டு ஒவ்வொரு மூஞ்சியா பாப்பாரு. சித்தி அவரோட பேசாம இருந்தது தனிக் கதை.

உங்க வீட்டுக்காரருக்கு இன்னும் கஷ்டம். இப்ப ஃபாரம் 20ன்னு ஒண்ணு வெளியிடறாங்க, எந்த பூத்ல யாருக்கு எத்தனை ஓட்டுன்னு அப்படியே இருக்கும். தான் சப்வே வாங்கிக் குடுத்த தெருவுலயே எத்தனை பேரு போட்டாங்கன்னு நம்பரா கண்ணு முன்னாடி நிக்கும், அதப் பாத்துட்டு மறுநாள் கடையத் திறந்து அதே தெருக்காரர் மோட்டாருக்கு காயில் கட்ட முடியுமான்னு கேளுங்க. முடியும்ங்கறவரா இருந்தா நிக்கட்டும், நான் தடுக்க மாட்டேன்.

ஜெயிக்கறதப் பத்தியும் நேராவே பேசிடுவோம். தமிழ்நாட்டுல 39 எம்பி தொகுதி, ஒரு தொகுதிங்கறது ஆறு சட்டமன்றத் தொகுதி, 2024 கணக்குப்படி ஏறக்குறைய 16 லட்சம் வாக்காளர். 11 லட்சம் ஓட்டு விழுந்துச்சுன்னா ஆறுல ஒரு பங்குக்கு மேல, அதாவது 1,83,334 ஓட்டு வாங்குனாத்தான் டெபாசிட்டே திரும்பும். 2024ல நாடு முழுக்க சுயேச்சையா ஜெயிச்சது 7 பேரு, அதுல நம்ம மாநிலத்துக்காரர் ஒருத்தரும் இல்ல. அந்த ஏழுல யாரு யாருன்னு பாருங்க, பூர்ணியால ஜெயிச்ச பப்பு யாதவ் ஏற்கனவே பல தடவை எம்பியா இருந்தவரு, பாரமுல்லால திகார் ஜெயில்ல இருந்துகிட்டே உமர் அப்துல்லாவ தோக்கடிச்ச ரஷீத் முன்னாள் எம்எல்ஏ, சாங்லியில விஷால் பாட்டீல் மகாராஷ்டிரா முன்னாள் முதல்வர் வசந்த்தாதா பாட்டீலோட பேரன். அட, 1957ல 42 சுயேச்சைங்க ஜெயிச்சாங்களேன்னு அவரு எடுத்து விடுவாரு (நிக்கறேன்னு சொல்றவங்க எல்லாருக்கும் இந்தக் கணக்கு மனப்பாடம்), ஆனா அப்ப திமுகவுக்கு அங்கீகாரமே இல்ல, திமுக தலைவர்கள்ல ஒருத்தரான ஈ.வெ.கி. சம்பத் நாமக்கல்ல ஜெயிச்சதும் அந்தக் கணக்குல சுயேச்சைதான். பின்னாடி ஒரு இயக்கமே நின்னுச்சு தங்கச்சி, மோட்டார் கடை வாசல் நாலு பேரு இல்ல.

சின்னம் இன்னொரு தலைவலி. வாபஸ் நாள் முடிஞ்ச பிறகுதான் சின்னமே கையில வரும். 2024ல நம்மூர்ல மார்ச் 30 வாபஸ், ஏப்ரல் 17 சாயங்காலத்தோட பிரசாரம் க்ளோஸ், இடைல 18 நாள். அதுக்குள்ள 16 லட்சம் பேருக்கு இன்ன சின்னம்னு போய்ச் சேரணும். கரூர்ல 54 பேரு நின்னதுல பூத்துக்கு நாலு மெஷின் வரிசையா வச்சாங்க, கட்சிக்காரங்க பேரெல்லாம் முன்னாடி வந்துடும், சுயேச்சைங்க பேரு கடைசிதான், தேடிக் கண்டுபிடிச்சுத்தான் அமுக்கணும். ராமநாதபுரத்துல முன்னாள் முதல்வர் ஓ. பன்னீர்செல்வம் பலாப்பழத்துல நின்னப்ப அதே இனிஷியல் அதே பேருல இன்னும் அஞ்சு பேரு நின்னாங்களே, ஞாபகம் இருக்கா? அவ்ளோ தெரிஞ்ச முகம், டெபாசிட் வாங்கி ரெண்டாவது இடம் வந்தாரு, அவ்வளவுதான்.

இவ்வளவு சொல்லிட்டு நிக்கவே கூடாதுன்னு சொல்லப் போறேன்னு நினைக்காதீங்க. எனக்கு என்னமோ இந்த மாதிரி ஆளுங்கள ரொம்பப் பிடிக்கும். ஆறு வருஷம் ரயில்வேக்கு மனு போட்டவருக்கு எம்பி வேலைல பாதி இப்பவே தெரியும், சீட் வாங்கி வர்ற பல பேருக்கு அது தெரியாது. சுயேச்சை எம்பிக்கும் வருஷம் 5 கோடி தொகுதி நிதி உண்டு, கேள்வி கேக்கறதுல குலுக்கல்தான், பெரிய கட்சி சின்னக் கட்சி வித்தியாசம் இல்ல, ஆனா விவாதத்துல பேச நேரம் கட்சி பலத்த வச்சுத்தான், அதனால ரெண்டு மூணு நிமிஷம் கிடைச்சா பெருசு. ஜெயிச்சப்புறம் ஏதாவது கட்சில சேந்தாரோ பதவியே போயிடும், கட்சித்தாவல் சட்டம் சுயேச்சைக்கு அவ்வளவு கறார். இதெல்லாம் அவருக்குத் தெரியுமான்னு பேச்சுவாக்குல கேட்டுப் பாருங்க. தெரிஞ்சு வச்சிருந்தா ஆளு விளையாட்டுக்கு நிக்கலன்னு அர்த்தம்.

பணம். நகைய தொடவே விடாதீங்க, இதுல எனக்கு ரெண்டாவது பேச்சே கிடையாது. சட்டப்படி 95 லட்சம் வரைக்கும் செலவு பண்ணலாம்னு யாராவது அவரு காதுல ஓதியிருப்பாங்க, அது வரம்பு, கட்டாயம் இல்ல. டெபாசிட்டும் திரும்பாதுன்னே வச்சுக்கிட்டு, அவரோட கடை வருமானத்துல மாசாமாசம் சேத்த காசு மட்டும்தான் செலவு. மனு போடறதுக்கு முன்னாடியே தேர்தல் செலவுக்குன்னு தனி பேங்க் அக்கவுண்ட் தொடங்கியாகணும், ரிசல்ட் வந்து 30 நாளுக்குள்ள கணக்கு குடுத்தாகணும், தோத்தாலும் குடுக்கணும், குடுக்கலன்னா மூணு வருஷம் நிக்க முடியாம தகுதி நீக்கம் பண்ணுவாங்க. தோத்த கடுப்புல இத விட்டுட்டு மாட்டுனவங்க நிறைய. ஏஜென்ட்டா இல்லாட்டி என்ன, கணக்கு ஒப்படைச்சாச்சான்னு வீட்டுல கேக்க உங்கள எந்த விதியும் தடுக்காது. அப்புறம், மனு போட்ட மறுநாளே ஒரு கட்சி ஆளு வந்து "நீங்க நின்னா போதும், செலவ நாங்க பாத்துக்கறோம்"னு சொல்வான், இவரு பேருல கிடைக்கற வண்டி பர்மிட்டையும் பூத் ஏஜென்ட் இடத்தையும் தன் கட்சிக்குப் பயன்படுத்திக்க ஒரு டம்மி வேட்பாளர் வேணும் அவனுக்கு. அவன வாசல்லயே அனுப்பிடுங்க.

கடைசியா அந்தப் பத்து கையெழுத்து. கட்சி வேட்பாளருக்கு ஒருத்தர் போதும், சுயேச்சைக்கு அதே தொகுதி வாக்காளர் பத்து பேரு வேணும். அத சும்மா மச்சான், பங்காளின்னு நிரப்ப விடாதீங்க. 2024ல சூரத்ல காங்கிரஸ் வேட்பாளருக்கு முன்மொழிஞ்சவங்களே "இது எங்க கையெழுத்து இல்ல"ன்னு சொல்லி மனு தள்ளுபடி ஆச்சு, கடைசில பிஜேபி வேட்பாளர் போட்டியே இல்லாம ஜெயிச்சாரு. அதனால அவருகிட்ட இப்படிச் சொல்லுங்க: ஆறு சட்டமன்றத் தொகுதிலயும் போங்க, சொந்தக்காரனும் வேணாம், கடைக் கஸ்டமரும் வேணாம், சப்வே பக்கம் குடியிருக்கறவங்களும் வேணாம், உங்க பேச்சக் கேட்டுட்டு நம்பி கையெழுத்து போடறேன்னு சொல்ற பத்து பேரு பேர எழுதிட்டு வாங்கன்னு. எலக்‌ஷனுக்கு நாள் இருக்கு. அந்த லிஸ்ட்ல பத்தாவது பேரு வந்ததும் எனக்கு ஒரு லெட்டர் போடுங்க, அப்புறம் மேற்கொண்டு பேசலாம்.