ஹேவ்லாக்கில் ஓய்வு – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

என் கணவருக்கு வயது 51. நான்கு மாதம் முன்பு நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். உடம்பு தேறிவிட்டது என்கிறார் டாக்டர். ஆனால் வீட்டில் ஆள் சரியாக இல்லை. மில்லுக்கு அடுத்த காம்பவுண்டில்தான் வீடு. போன் ஓய்வதில்லை, பார்க்க வருகிறவர்களும் ஓயவில்லை. வருகிற ஒவ்வொருவருக்கும் அந்த ராத்திரிக் கதையை முதலிலிருந்து சொல்லியே களைத்துப்போகிறார். அவருடைய கல்லூரி நண்பரும் மனைவியும் அந்தமானில் ஹேவ்லாக் தீவில் டைவிங் ரிசார்ட் நடத்துகிறார்கள், கடலுக்கடியில் காற்று டேங்க்கோடு இறங்க வருகிறவர்களுக்கானது. "ஒரு மாசம் வந்து கிடங்கடா" என்று விடாமல் கூப்பிடுகிறார்கள். நீங்களும் ஒருமுறை உடம்பு சரியில்லாமல் அதே தீவில் நண்பர் வீட்டில் தங்கியதாகப் போகிறபோக்கில் எழுதியிருந்தீர்கள். அதனால் கேட்கிறேன். கடல் காற்று உண்மையிலேயே குணமாக்குமா? இவருக்கு ஒரே ஒரு தடவை டைவ் பண்ணிப் பார்க்க ஆசை, பண்ணலாமா? காசு வாங்கவே மாட்டோம் என்கிறார்கள், எந்த முகத்தோடு போய் ஒரு மாதம் உட்காருவது?

ம., ஈரோடு

அன்புள்ள ம.,

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இந்தப் பயணத்தில் டைவிங் வேண்டாம். ஸ்டென்ட் வைத்தவர்கள் டைவ் செய்வதே இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அது இதய மருத்துவரும் டைவிங் மருத்துவம் தெரிந்தவரும் சோதித்துப் பார்த்து முடிவு செய்யவேண்டியது. கழுத்தளவு தண்ணீரில் இறங்கினாலே காலில் இருக்கிற ரத்தம் மார்புப் பக்கம் தள்ளப்படுகிறது, அரை லிட்டருக்கும் மேல். இதயம் அந்தக் கூடுதல் சுமையையும் தள்ளியாக வேண்டும். அதோடு நீரோட்டம், பதற்றம், முதுகில் டேங்க். காலி அலுமினிய டேங்க்கே பதினாலு கிலோவுக்குக் குறையாது.

படகுத்துறையில் இறங்கியதுமே ஏஜென்ட்கள் சூழ்ந்துகொள்வார்கள். "நீச்சல் தெரியவேண்டாம் சார், பன்னிரண்டு மீட்டர் ஆழத்துக்கு மேல போகமாட்டோம்" என்பார்கள். ஒரு மருத்துவப் படிவம் நீட்டுவார்கள். இதயம், நுரையீரல், ரத்த அழுத்தம், காது, அறுவை சிகிச்சை என்று வரிசையாகக் கேள்விகள் இருக்கும். இதயம் போன்ற கேள்விக்கு 'ஆம்' என்று எழுதினால் டாக்டர் கையெழுத்து வேண்டும். விடுமுறையில் வந்தவர்கள் எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று டிக் அடித்துவிட்டு வெட்சூட் என்கிற டைவிங் உடையை மாட்டப் போவதைப் பார்த்திருக்கிறேன். உங்கள் கணவரை அந்தப் படிவத்தின் அருகே தனியாக விடாதீர்கள்.

எனக்கு வந்தது நிமோனியா. நுரையீரலைச் சுற்றி நீர் கோத்து, விலாவில் குழாய் வைத்து எடுத்தார்கள். நண்பர் தூத்துக்குடிக்காரர். நான் போய் இறங்கிய அன்றே, "ஏ, நீ தண்ணிக்குள்ள இறங்கப்படாது, ஒங்க டாக்டர் எழுதிக் குடுத்தாலும் நான் விடமாட்டேன்" என்றுவிட்டார். காரணத்தையும் சொன்னார். பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப் போல இரண்டு மடங்கு. அங்கே நெஞ்சு நிறைய இழுத்த காற்று, வெளிவிடாமல் மேலே வந்தால் இரண்டு மடங்காக விரியும். நல்ல நுரையீரல் என்றால் மூச்சை விட்டுக்கொண்டே ஏறிவிடலாம். ஆறிய புண்ணின் தழும்பில் காற்று சிக்கிக்கொண்டால் அது எந்த வழியாக வெளியேறும்? அதற்குப் பிறகு நான் டைவிங் பற்றி வாய் திறக்கவில்லை.

அடுத்து, கடல் காற்று. எனக்கு அதில் பெரிய நம்பிக்கை கிடையாது. ஹேவ்லாக் காற்றில் ஈரம் அதிகம், துவைத்த துணி காய்வதில்லை. மணல் ஈ கடித்தால் அரிப்பு வாரக்கணக்கில் நிற்காது. அமைதியும் நீங்கள் நினைக்கிற மாதிரி இருக்காது. டைவ் ரிசார்ட் என்பது ஒரு சின்னத் தொழிற்சாலை. மறுநாளுக்கு டேங்க் நிரப்ப கம்ப்ரஸர் ராத்திரி வரை ஓடும். விடிவதற்கு முன்பே பெட்டிகளை இழுக்கிற சத்தம். இந்திய நேரம் 82.5 பாகை தீர்க்கரேகைக்குக் கணக்கிட்டது. அந்தமான் இருப்பது 93 பாகைக்குப் பக்கத்தில். அதனால் சூரியன் நம் கடிகாரத்தை மதிக்காமல் முன்னதாகவே வந்துவிடுகிறது. அதே கணக்கில் மாலை ஆறு மணிக்கு இருட்டு. எட்டு மணிக்கு எனக்குக் கண் சொருகும், தடுக்க யாரும் இல்லை.

அப்படியும் அங்கே நான் தேறினேன். ஏன் என்று பிறகு யோசித்துப் பார்த்ததில் ஒன்று பிடிபட்டது. நான் இருந்த இடங்களிலேயே சும்மா இருப்பதை ஒரு வேலையாக மதித்துச் செய்கிறவர்கள் டைவர்கள்தான். தண்ணீருக்கடியில் சுவாசித்த காற்றிலிருந்து நைட்ரஜன் ரத்தத்திலும் திசுக்களிலும் கரைந்துவிடுகிறது. அது மெல்ல வெளியேறியாக வேண்டும். ஏறும்போது ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் அப்படியே மிதந்து நிற்கிறார்கள். ஒரு டைவுக்கும் அடுத்ததற்கும் நடுவே படகில் ஒரு மணி நேரமாவது 'சர்ஃபேஸ் இன்டர்வல்', அதாவது தண்ணீருக்கு மேலே காத்திருப்பு. வாழைப்பழம், பிஸ்கட், டீ. கையில் கட்டிய டைவ் கம்ப்யூட்டர் நேரத்தை எண்ணிக்கொண்டிருக்கும். எவ்வளவு அவசரக்காரரானாலும் உட்கார்ந்துதான் ஆகவேண்டும். தொடர்ந்து டைவ் செய்தவர்கள் 18 மணி நேரம் கழித்துத்தான் விமானம் ஏறலாம். ஆகவே எந்த நாளிலும் அங்கே ஊருக்குத் திரும்பக் காத்திருக்கிற நாலு பேர் செய்ய ஒன்றுமில்லாமல் சாய்வு நாற்காலியில் கிடப்பார்கள். ஐந்தாவது நாற்காலியில் நான் கிடந்தேன். நான் நோயாளி என்று யாருக்கும் தோன்றவில்லை, சில நாளில் எனக்கும்.

உங்கள் வீட்டில் நடப்பது இதற்கு நேர் எதிர். நலம் விசாரிக்க வருகிறவர்கள் நல்லவர்கள்தான், ஆனால் உங்கள் கணவர் அவர்களுக்காகத் தினமும் நோயாளியாக நடிக்கவேண்டியிருக்கிறது. டைவர்களின் சாப்பாட்டு மேஜையில் உடம்பைப் பற்றிய பேச்சு வேறு மாதிரி. காது அடைத்தது, படகில் வாந்தி எடுத்தது, மூக்கில் ரத்தம் வந்தது எல்லாம் சூரை மீன் குழம்புக்கு நடுவே கூசாமல் பேசப்படும். ஸ்டென்ட் என்றால் "எத்தனை மாசம் ஆச்சு, என்ன மாத்திரை?" என்று கேட்டுவிட்டு, ஜானிஸ் கார்ஜ் என்கிற டைவ் இடத்தில் அன்று பார்த்த சுறாவுக்குப் போய்விடுவார்கள்.

தீவின் ராஜன் யானையைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். மரம் இழுக்க அந்தமானுக்குக் கொண்டுவரப்பட்ட யானைகளில் ஒன்று. தீவுக்குத் தீவு கடலை நீந்திக் கடந்தவை அவை. மர வேலை நின்ற பிறகு ராஜன் ஹேவ்லாக்கிலேயே ஓய்வாக இருந்து 2016ல் இறந்தது. நான் போனபோது அது இல்லை. ஊழியர்கள் மட்டும் அதை 'ரிட்டையர் ஆனவர்' என்றே மரியாதையாகச் சொன்னார்கள்.

நடப்பதற்குக் கிழக்குக் கரை நல்லது, சமதளம். ஆனால் நேரத்தைக் கடல்தான் தீர்மானிக்கும். ஏற்றத்தில் தண்ணீர் கரையோர மஹுவா மரங்களின் வேர் வரை வரும். வற்றத்தில் வெகுதூரம் பின்வாங்கி, செத்த பவளப் பாறைகள் வெளியே தெரியும். இது நாளுக்குச் சுமார் ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். டைவ் கடையில் ஒட்டியிருக்கும் அட்டவணையைப் பார்த்து நடைக்குக் கிளம்பச் சொல்லுங்கள். எத்தனை ஸ்டெப் என்று கைக்கடிகாரத்தில் பார்க்கிற பழக்கம் போய்விடும்.

போன் விஷயத்தில் நான் கொடுத்துவைத்தவன். சென்னையிலிருந்து அந்தமானுக்குக் கடலடிக் கேபிள் 2020 ஆகஸ்டில்தான் வந்தது, நான் போனது அதற்கு முன்பு. ஒரு மின்னஞ்சல் திறப்பதற்குள் டீ ஆறிவிடும். உங்கள் கணவருக்கு அந்தச் சலுகை இல்லை. மில் போனை நீங்கள் ஈரோட்டிலேயே வாங்கி வைத்துக்கொள்ளவேண்டியிருக்கும்.

இனி, நண்பர்கள் சொல்ல மறந்திருக்கக்கூடிய ஒன்று. தீவில் இருப்பது ஆரம்ப சுகாதார நிலையம். நெஞ்சில் ஏதாவது என்றால் போர்ட் பிளேருக்குப் போகவேண்டும் (2024லிருந்து ஸ்ரீ விஜயபுரம், ஹேவ்லாக்கும் 2018 முதல் ஸ்வராஜ் த்வீப், டிக்கெட்டில் பார்த்துக் குழம்பாதீர்கள்). வேகப் படகில் ஒன்றரை மணி, அரசுக் கப்பலில் இரண்டரை. கடல் கொந்தளித்தால் இரண்டும் ஓடாது. இதை இதய மருத்துவரிடம் இப்படியே சொல்லி, அவர் சம்மதித்தால் மட்டும் கிளம்புங்கள். ஆஞ்சியோ அறிக்கையின் நகலும் இரண்டு பங்கு மாத்திரையும் பையில் இருக்கட்டும். ஊரில் கிடைக்கிற எல்லா மாத்திரையும் அங்கே கிடைக்காது.

காசு விஷயம். என் நண்பரும் வாங்கமாட்டேன் என்றுதான் சொன்னார். அவர் மனைவி நடைமுறை தெரிந்தவர். "அறை வாடகை வேண்டாம், சாப்பாட்டுக் கணக்கு எழுதிக்கோங்க, புக்கிங் நிறைஞ்சா ஊழியர் குடியிருப்புக்கு மாறிடுங்க" என்று முதல் நாளே முடித்துவிட்டார். எனக்கு அது பெரிய நிம்மதி. விருந்தாளியாக இருந்தால் மகிழ்ச்சியாக இருப்பதாகக் காட்டிக்கொள்ளவேண்டும், கணக்கில் சாப்பிடுகிறவனுக்கு அது தேவையில்லை. நீங்களும் நண்பரிடம் பேசாமல் அவர் மனைவியிடம் பேசுங்கள்.

டிசம்பர், ஜனவரியில் போகாதீர்கள். அவர்கள் சம்பாதிக்கிற மாதங்கள் அவை, அறையும் இருக்காது, பேச ஆளும் இருக்காது. மே கடைசியில் மழை பிடித்துவிடும். மார்ச்சில் கடல் படிந்து கிடக்கும், பள்ளி விடுமுறைக் கூட்டமும் வந்திருக்காது. ஒரு மாதம் என்று முதலிலேயே சொல்லவேண்டாம். பத்து நாளுக்குப் போகட்டும், பிடித்திருந்தால் நீட்டிக்கொள்ளலாம்.