காம்ரேட்ஸ் ஓட்டம்: பச்சை எண் பெற்றவரிடம் சில கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனையும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கையும் இணைக்கும் ஏறத்தாழ 90 கிலோமீட்டர் மலைப்பாதையில், முதல் உலகப் போரில் இறந்த வீரர்களின் நினைவாக 1921-இல் காம்ரேட்ஸ் ஓட்டம் தொடங்கியபோது, புறப்பட்ட 34 பேரில் 16 பேரே ஓடி முடித்தனர். பத்து முறை முடித்தவருக்கு அவரது எண் பச்சை நிறத்தில் நிரந்தரமாக வழங்கப்படுகிறது. அவ்வாறு எண் பெற்ற, டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியைச் சேர்ந்த மூத்தவர் ஒருவர் இளையவர்களுக்கு அளித்த பதில்கள் இவை.

ஐயா, நான் பத்து கிலோமீட்டருக்கு மேல் ஓடியதில்லை. நான்கு மாதத்தில் தயாராக இயலுமா?

இயலாது, தம்பி. இதயமும் மூச்சும் சில வாரங்களிலேயே பழகிவிடும். எலும்பும் தசைநாணும் வலுப்பெற மாதக்கணக்காகும். மூச்சு வாங்காததை வைத்து உடல் தயாராகிவிட்டதாக நினைத்துத் தூரத்தைக் கூட்டுவதால்தான் பலருக்கு முழங்காலுக்குக் கீழுள்ள முன்னெலும்பு வலிக்கத் தொடங்குகிறது. நானும் முதல் முறை ஐந்தே மாதப் பயிற்சியுடன் இறங்கி, குதிகால் தசைநாண் இழுத்துக்கொள்ள, இஞ்சாங்கா மேட்டில் உட்கார்ந்துவிட்டேன். மறு ஆண்டு, பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் வாரம் ஐந்து நாள் ஓடினேன். வார இறுதி நெடுந்தூர ஓட்டத்தைச் சிறிது சிறிதாக நீட்டி, நான்கு வாரத்துக்கு ஒரு முறை குறைத்தேன். சலிப்பூட்டும் வேலைதான், ஆனால் அந்த ஆண்டு இஞ்சாங்கா எனக்குச் சாதாரண மேடாகத் தெரிந்தது.

வலி வரும் முன்பே இபுபுரூஃபென் வலி மாத்திரை போட்டுக்கொண்டால் என்ன?

செய்யாதீர்கள். நீர்ச்சத்து குறைந்த உடலில் சிறுநீரகத்துக்குச் செல்லும் இரத்தம் ஏற்கெனவே குறைந்திருக்கும். அந்த மருந்து அதை மேலும் குறைக்கும். வலி என்பது நிறுத்தச் சொல்லும் அறிவிப்பு. அதை அடைத்துவிட்டு மணிக்கணக்கில் ஓடியவர்கள் மருத்துவக் கூடாரத்தில் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். அளவுக்கு மீறி வெறும் தண்ணீர் குடிப்பதும் ஆபத்துதான், இரத்தத்தில் உப்பு குறைந்துவிடும்.

என்னைப் போலவே இருக்கும் என் அண்ணன் பாதித் தூரம் ஓடினால் யாருக்குத் தெரியும்?

நீங்கள் வேடிக்கையாகக் கேட்கிறீர்கள் என்றே எடுத்துக்கொள்கிறேன். 1999-இல் இரு சகோதரர்கள் இதையே செய்து, வழியில் கழிப்பறையில் ஆடை மாற்றி, ஒன்பதாம் இடம் வரை வந்தார்கள். கைக்கடிகாரம் ஒரு படத்தில் ஒரு கையிலும் இன்னொரு படத்தில் மறு கையிலும் இருந்ததால் பிடிபட்டார்கள். ஒன்பதாம் இடத்துக்கு ஓடும் திறமையை வைத்துக்கொண்டு ஒருவர் இப்படிச் செய்ததுதான் எனக்கு இன்றும் விளங்காத செய்தி.

விலை உயர்ந்த, கார்பன் தகடு பதித்த காலணிகள் குறுக்குவழியா?

இல்லை. விதிக்கு உட்பட்டவை. ஆனால் பயிற்சியிலேயே போட்டுப் பழகுங்கள்.

முதல் பாதியில் வேகமாக ஓடி நேரத்தைச் சேமித்துக்கொள்ளலாம் அல்லவா?

சேமித்த பத்து நிமிடத்தைப் பாலி ஷார்ட்ஸ் மேடு வட்டியோடு வாங்கிக்கொள்ளும். ஓட்டத்தின் திசை மாறிவரும்; டர்பனிலிருந்து பீட்டர்மாரிட்ஸ்பர்க்கை நோக்கி ஏறும் ஆண்டுகளில் அந்த மேடு முடிவுக்குச் சில கிலோமீட்டர் முன்னேதான் வருகிறது. ஆகவே காலை வேளையில், கால் நன்றாக இருக்கும்போதே, மேடுகளில் சிறிது நடந்துவிடுங்கள். அதைச் சோம்பல் என்று பார்ப்பவர்கள் பிற்பகலில் உங்களைப் பின்னாலிருந்து பார்ப்பார்கள்.

என் அப்பா 12 மணி நேர வரம்பைச் சில நொடிகளில் தவறவிட்டார். அவ்வளவு உழைத்தவருக்கு இது அநியாயம் இல்லையா, ஐயா?

மகளே, வரம்பு முடிந்ததும் ஒருவர் ஓடிவருபவர்களுக்கு முதுகைக் காட்டி நின்று துப்பாக்கியைச் சுடுவதைப் பார்த்திருப்பீர்கள். யார் முகத்தையும் பார்த்து இரங்கிவிடக் கூடாது என்பதற்கே அந்த ஏற்பாடு. கொடுமையாகத்தான் இருக்கும். ஆனால் உங்கள் அப்பாவுக்காக ஒரு நொடியை விட்டுக்கொடுத்தால், அதற்கு முன் அதே நொடியில் நின்றுபோன நூற்றுக்கணக்கானோருக்கு என்ன சொல்வது? அவர் எந்த மேட்டில் எவ்வளவு நேரம் இழந்தார் என்று எழுதி எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். பயிற்சியை இந்த மாதமே தொடங்கலாம்.