குளிர்கால விடுமுறையில் வீடும் தெருவும்: சாட்ஸ்வொர்த்திலிருந்து கேள்வி பதில்

இங்கே தென்னாப்பிரிக்காவில் ஜூன் இறுதியில் பள்ளிகளுக்குக் குளிர்கால விடுமுறை தொடங்குவதற்கு முன், எங்கள் தமிழ்ச் சங்கத்தார் சிலர் தங்கள் ஐயங்களை எழுதிக் கொடுத்தார்கள். டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த் பகுதிச் சமூகக் காவல் மன்றத்தில் பல ஆண்டுகள் பணியாற்றியவன் என்ற முறையில் அவற்றுக்குப் பதில் எழுதியிருக்கிறேன். கேள்விகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே வந்தன, தமிழாக்கம் என்னுடையது.

கேள்வி: சமூகக் காவல் மன்றம் போலீஸின் ஒரு பிரிவா? உங்களுக்குச் சம்பளம் உண்டா?

பதில்: இரண்டுக்குமே "இல்லை" என்பதுதான் பதில். 1995ஆம் ஆண்டின் தென்னாப்பிரிக்கக் காவல்துறைச் சட்டம், காவல் நிலையந்தோறும் இத்தகைய மன்றம் அமைய வேண்டும் என்கிறது. இதன் உறுப்பினர்கள் தன்னார்வத்தில் பணி செய்பவர்கள். ஊதியம் கோர முடியாது. நிலையத்தோடு சேர்ந்து வேலை செய்வது எவ்வளவு கடமையோ, அதன் சேவை குறைந்தால் நிலையத் தலைவரிடம் விளக்கம் கேட்பதும் அவ்வளவு கடமை. இந்த இரண்டாவது பாதியைப் பல மன்றங்கள் மறந்துவிடுகின்றன என்பது என் குறை.

கேள்வி: சாட்ஸ்வொர்த்தின் பேவியூவில் இருக்கிறோம். இரண்டு வாரம் ஜோஹன்னஸ்பர்க் போகிறோம். கேட், அலாரம், ஆயுதக் காவல் நிறுவனம் எல்லாம் இருக்கின்றன. வேறென்ன செய்ய வேண்டும்?

பதில்: பக்கத்து வீட்டுக்காரரிடம் சொன்னீர்களா என்பதுதான் நான் முதலில் கேட்பது. நம் ஊரில் ஜூன் மாதம் மாலை ஐந்து மணியளவிலேயே சூரியன் மறைந்துவிடுகிறது. ஐந்தரைக்கு எல்லா வீட்டிலும் விளக்கு எரியும்போது உங்கள் வீடு மட்டும் இருண்டு கிடந்தால், அது மூன்றாம் நாளே தெருவில் நடப்பவனுக்குத் தெரிந்துவிடும். ஒரு சாதாரண டைமரை வாங்கிக் கூடத்து விளக்கில் பொருத்துங்கள். ஆனால் நள்ளிரவு வரை ஒரே விளக்கு எரிவதும் ஓர் அடையாளமே என்பதால், முடிந்தால் இரண்டு அறைகளில் வெவ்வேறு நேரம் வையுங்கள். குப்பை எடுக்கும் நாளில் உங்கள் வாசலில் மட்டும் பை இல்லாததும், கேட்டில் விளம்பரத் தாள்கள் சேர்ந்து தொங்குவதும் காலி வீட்டைக் காட்டிக்கொடுக்கும்; பக்கத்து வீட்டு அக்காவிடம் சொன்னால் தம் பைகளில் ஒன்றை உங்கள் வாசலில் வைத்துவிடுவார், தாள்களையும் எடுத்துவிடுவார். ஏணி, மண்வெட்டி, கடப்பாரை ஆகியவற்றைப் பின்புறத்தில் விட்டுச் செல்லாதீர்கள்; பூட்டை உடைக்கப் பெரும்பாலும் வீட்டுக்காரரின் கருவியே பயன்படுகிறது என்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

அலாரத்தின் பேட்டரியைப் புறப்படுவதற்கு முன் சோதியுங்கள், ஏனெனில் மின்சாரம் நின்றால் அலாரத்தின் உயிர் அதில்தான் இருக்கிறது. காவல் நிறுவனத்திடம், நீங்கள் இல்லாத நாட்களில் யாரை அழைக்க வேண்டும் என்று பெயரும் எண்ணும் கொடுங்கள். அந்த நிறுவனம் தனியார் பாதுகாப்புத் துறை ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவானதா என்பதையும் பாருங்கள். 2001ஆம் ஆண்டுச் சட்டப்படி அது கட்டாயம். பயணப் படங்களை வீடு திரும்பிய பிறகு பகிருங்கள். திரும்பி வந்து கதவு திறந்திருக்கக் கண்டால் உள்ளே போகாமல், காரை நகர்த்திக்கொண்டு போய்ப் போலீஸை அழையுங்கள்.

கேள்வி: டர்பனின் பீனிக்ஸ் பகுதியிலிருந்து எழுதுகிறேன். 2021 ஜூலைக் கலவரத்தின்போது போலீஸ் வரவில்லை. நாங்களே சாலையை மறித்துக் காவல் காத்தோம். இப்போது "பார், போலீஸிடம் சொல், விலகு" என்று எங்களுக்கு ஏன் பாடம் எடுக்கிறீர்கள்?

பதில்: போலீஸ் வரவில்லை என்பது உண்மை, உங்கள் அச்சமும் உண்மை. ஆனால் அந்தக் கலவரத்தில் குவாசூலு நாட்டால், கவ்டெங் ஆகிய இரு மாகாணங்களிலுமாக 350க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். உங்கள் பகுதியில் மட்டும் 30க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள், அவர்களில் மிகப் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். மறியலில் நின்றவர் எல்லாரும் கொலையாளிகள் அல்லர். ஆனாலும் சாலையில் வருபவனை முகம் பார்த்து நிறுத்தும் உரிமையை ஒரு கூட்டம் கையில் எடுத்துக்கொண்டால், அதில் மிகக் கோபக்காரன் எவனோ அவனே முடிவெடுக்கிறான். 1977ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 42ஆம் பிரிவு, கண்ணெதிரே கடுங்குற்றம் செய்பவனைப் பிடித்துப் போலீஸில் ஒப்படைக்கச் சாதாரணக் குடிமகனுக்கும் அனுமதி தருகிறது. வழிப்போக்கனைச் சோதனையிடவோ அடிக்கவோ அது அனுமதி தரவில்லை. நான் பரிந்துரைப்பது வேறு: உங்கள் மன்றக் கூட்டத்துக்கு பக்கத்தில் கறுப்பின மக்கள் வாழும் இனாண்டாவிலிருந்து எத்தனை பேர் வருகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். சாட்ஸ்வொர்த்தில் எங்களுக்கு உம்லாசியும் அப்படிப்பட்ட பக்கத்துப் பகுதிதான், வேலிக்கு அப்பால் இருக்கிறது. அங்குள்ளவர்களின் தொலைபேசி எண் நம்மிடம் இருந்தால், ஒரு வதந்தி கிளம்பிய பத்து நிமிடத்தில் உண்மையை அவர்களிடமே கேட்டுக்கொள்ளலாம்.

கேள்வி: தெரு வாட்ஸ்அப் குழுவில் "சந்தேக நபர்" என்று படம் போடுவது சரியா?

பதில்: சரியில்லை. வேலை தேடி வீடு வீடாகக் கேட்டுவந்த ஒரு தோட்டக்காரரின் படம் எங்கள் குழுவில் ஒரு மணி நேரத்தில் நான்கு தெருக்களுக்குப் பரவியது. அவர் செய்த குற்றம், மணியை இருமுறை அடித்தது. ஆளைப் பற்றி எழுதாமல் செயலைப் பற்றி எழுதுங்கள்: எந்தத் தெரு, எத்தனை மணி, வண்டியின் நிறம், எண் பலகை, என்ன செய்தார். படம் இருந்தால் புலனாய்வு அதிகாரியிடம் கொடுங்கள். தவறான ஆளைத் திருடன் என்று பரப்பினால் அவதூறு வழக்கு உங்கள் மேல்தான் வரும்.

கேள்வி: இரவில் நீல விளக்கு போட்ட, போலீஸ் அடையாளமில்லாத கார் நிறுத்தச் சொன்னால்?

பதில்: அபாய விளக்கைப் போட்டு, வேகத்தைக் குறைத்து, பின்தொடருமாறு கையசைத்து அருகிலுள்ள காவல் நிலையத்துக்கு ஓட்டிச் செல்லுங்கள். உண்மையான அதிகாரி தம் நியமன அட்டையைக் காட்டுவார்.

கேள்வி: 10111 என்ற போலீஸ் அவசர எண்ணை அழைத்தால் நம் நிலையம் எடுப்பதில்லையே?

பதில்: அந்த அழைப்பு ஒரு கட்டுப்பாட்டு மையத்துக்குப் போகிறது; அங்கிருப்பவருக்கு உங்கள் தெரு தெரியாது. எனவே முதலில் பகுதி, அடுத்து தெரு, குறுக்குத் தெரு, பிறகுதான் நிகழ்ச்சி என்று சொல்லுங்கள். கைப்பேசியிலிருந்து 112 என்ற அவசர எண்ணையும் அழைக்கலாம். நிலையத்தின் நேர் எண்ணைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டி வைப்பது பழைய முறைதான், நான் இன்றும் அதைத்தான் செய்கிறேன்.

கேள்வி: விடுமுறை முடிந்ததும் ஆடி மாதம் வந்துவிடும். அம்மன் கோயிலில் கஞ்சி வார்க்கும் நாளில் எங்களுக்குக் காவல் கிடைக்குமா?

பதில்: முன்கூட்டியே கேட்டால் கிடைக்கும், முந்தின நாள் கேட்டால் கிடைக்காது. நாளையும் நேரத்தையும் எதிர்பார்க்கும் கூட்டத்தையும் எழுதி, இரண்டு வாரத்துக்கு முன்பே நிலையத்திலும் மன்றத்திலும் கொடுங்கள். தெருவில் வண்டி நிறுத்தும் ஒழுங்கு டர்பன் மெட்ரோ போலீஸின் வேலை என்பதால் அவர்களுக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். காரைப் பூட்டும்போது ரிமோட்டை அழுத்திவிட்டு நடந்துவிடாமல், கைப்பிடியை இழுத்துப் பார்க்கச் சொல்லி வாசலில் ஒரு இளைஞரை நிறுத்துங்கள். ரிமோட்டின் அலையை மறித்துக் காரைத் திறந்தபடி விடச் செய்யும் திருட்டு, கூட்டம் கூடும் இடங்களில்தான் நடக்கிறது. உண்டியல் பணத்தை அன்றிரவு கோயிலில் வைக்காதீர்கள். எப்போது, யார் எடுத்துச் செல்கிறார் என்பது மூவருக்கு மேல் தெரிய வேண்டாம்.