எத்தனை நாள் ஆச்சு?

அன்புள்ள ஐயா,

நான் ஓவியன். ஒரு சமூகக் கலை மையத்தில் உறைவிடக் கலைஞனாக இருக்கிறேன். தங்க இடமும் ஸ்டுடியோவும் தருகிறார்கள். பதிலுக்கு, அங்கே இருக்கும் கலைஞர்கள் எல்லோரும் மாதம் ஒரு கண்காட்சி வைக்க வேண்டும். மெதுவாகக் காயும் ஆயில் பெயிண்டில் வேலை செய்பவனுக்கு ஒரு மாதம் எந்த மூலைக்கு? மண்பாண்டம் செய்பவர் மேசையை நிரப்பிவிடுகிறார், புகைப்படக்காரர் சுவரை நிரப்பிவிடுகிறார். நான் பாதி முடிந்த படத்தை மாட்டிவிட்டுக் கூசிப்போய் நிற்கிறேன். பார்க்க வருபவர்களும் குறைவு. வருபவர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: "இதை வரைய எத்தனை நாள் ஆச்சு?" அதைக் கேட்கும்போதெல்லாம் வேலையே வெறுத்துப்போகிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கண்காட்சி போதும் என்று இயக்குநரிடம் கேட்கலாமா? இல்லை, விலகிவிடுவதுதான் நல்லதா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.)

அன்புள்ள தம்பி,

உங்கள் கேள்வி கடிதத்தின் கடைசியில் இருக்கிறது. என்னை எழுத வைத்தது அதற்கு முந்தைய வரி. "எத்தனை நாள் ஆச்சு?" என்று பார்வையாளர்கள் கேட்பதை ஓவியர்கள் தங்களுக்குள் சொல்லிச் சிரிப்பதைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் எனக்குச் சங்கடமாக இருக்கும். கொஞ்ச காலமாக அதைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன். நீங்கள் சிரிக்கக்கூட இல்லை, வெறுத்துப்போகிறது என்கிறீர்கள். அது இன்னும் மோசம்.

மற்றவற்றை முதலில் முடித்துவிடுகிறேன். ஆள் வரவில்லை என்பதை விட்டுத்தள்ளுங்கள். திறப்பு விழா மாலையில் வரும் கூட்டம் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ள வருகிறது. அதற்கப்புறம் ஒரு வார நாள் மத்தியானத்தில் தனியாக உள்ளே நுழைகிறாரே ஒருவர், அவர் உங்களுக்குப் போதும்.

பாதிப் படத்தை மாட்டக் கூச்சம் என்கிறீர்கள். 1835இல் லண்டன் பிரிட்டிஷ் இன்ஸ்டிட்யூஷன் கண்காட்சிக்கு ஆங்கில ஓவியர் டர்னர் ஏறக்குறைய வெறும் கேன்வாஸைத்தான் அனுப்பினார். நாடாளுமன்றக் கட்டடம் தீப்பற்றி எரிந்த காட்சி. திறப்புக்கு முன்னால் வார்னிஷ் பூசவும் சின்னத் திருத்தங்கள் செய்யவும் ஓவியர்களை அனுமதிக்கும் நாட்கள் அப்போது உண்டு. அந்த நேரத்தில், மற்ற ஓவியர்கள் சுற்றி நின்று பார்க்க, சுவரில் மாட்டியபடியே அதை வரைந்து முடித்தார். டர்னருக்கு இல்லாத கூச்சம் உங்களுக்கு எதற்கு?

அப்புறம், அந்த மண்பாண்டக்காரர். அவரைப் பற்றி இனி இப்படி எழுதாதீர்கள். களிமண்ணைப் பிசைந்து காற்றுக்குமிழி போக்க வேண்டும். வனைந்த பாத்திரம் மெதுவாக, ஒரே சீராகக் காய வேண்டும். ஓரம் சீக்கிரம் காய்ந்து அடி ஈரமாக இருந்தால் விரிசல்தான். பிறகு முதல் சூளை, அதற்குமேல் கிளேஸ் என்கிற பளபளப்புப் பூச்சு, மறுபடியும் சூளை. கடைசிக் கட்டத்தில் உடைந்தால் அத்தனை நாள் உழைப்பும் போச்சு. இவ்வளவும் உங்கள் ஸ்டுடியோவுக்குப் பக்கத்து அறையில் நடக்கிறது. மேசை நிரம்பியது மட்டும் உங்கள் கண்ணில் படுகிறது என்றால், நீங்கள் ஒரு நாள்கூட அவரிடம் "இதற்கு எத்தனை நாள் ஆச்சு?" என்று கேட்டதில்லை என்றுதானே அர்த்தம்?

சரி, அந்தக் கேள்விக்கு வருகிறேன். அதன்மேல் ஓவியர்களுக்கு இருக்கும் கோபத்துக்கு ஒரு பழைய வழக்கும் காரணம் என்று நினைக்கிறேன். விஸ்லர் என்ற ஓவியருடைய படம் ஒன்று, இருட்டில் வாணவேடிக்கை சிதறுவது, 1877இல் லண்டனில் காட்சிக்கு வந்தது. விலை அன்றைய ஆங்கிலப் பணத்தில் 200 கினி. பார்வையாளர் முகத்தில் பெயிண்ட் டப்பாவை வீசியதற்கா இந்த விலை என்கிற மாதிரி கலை விமர்சகர் ரஸ்கின் எழுதினார். விஸ்லர் அவதூறு வழக்குப் போட்டார். 1878 நவம்பரில் விசாரணை. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்டது இதே கேள்விதான்: வரைய எத்தனை நாள் ஆயிற்று? இரண்டு நாள் என்ற பதில் வந்ததும், இரண்டு நாள் உழைப்புக்கா இவ்வளவு பணம் என்று மடக்கப் பார்த்தார். இல்லை, வாழ்நாள் முழுக்க உழைத்துப் பெற்ற அறிவுக்காகக் கேட்கிறேன் என்றார் விஸ்லர். தீர்ப்பு அவர் பக்கம் வந்தது, ஆனால் நஷ்டஈடு ஒரே ஒரு ஃபார்திங். கால் பென்னி! மறு வருடம் அவர் திவாலானார்.

விஸ்லரின் பதில் மகத்தானது. ஆனால் அது நீதிமன்றத்தில், தன்னைச் சிறுமைப்படுத்தக் காத்திருந்த ஒருவருக்குச் சொன்ன பதில். உங்கள் கண்காட்சிக்கு வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் எட்டிப்பார்ப்பவர் வழக்கறிஞர் இல்லை. அவர் கையில் எந்தக் கணக்கும் இல்லை. அவருக்கு உழைப்பை நாளால் அளந்துதான் பழக்கம். தன் வேலையை அளக்கும் அதே கோலை உங்கள் வேலைக்கும் நீட்டுகிறார். உங்களையும் உழைப்பவராக ஏற்றுக்கொண்ட பிறகுதான் ஒருவர் அப்படிக் கேட்க முடியும். சோம்பேறி என்று நினைப்பவரிடம் யாரும் எத்தனை நாள் என்று கேட்பதில்லை. இதில் வெறுத்துப்போக என்ன இருக்கிறது, சொல்லுங்கள்.

பல வருடங்களுக்கு முன் நண்பர் ஒருவருடைய எச்சிங் (உலோகத் தகட்டில் கீறி அச்சடிக்கும் படம்) கண்காட்சியில் துணைக்கு உட்கார்ந்திருப்பேன். ஒரு மத்தியானம் ஆஃப்செட் அச்சகத்தில் வேலை பார்க்கும் ஒருவர் வந்தார். ஒரு படத்தின் முன்னால் நின்று வழக்கமான கேள்வியைக் கேட்டார். நண்பர் எழுந்துபோய்ப் பொறுமையாகப் பதில் சொன்னார். செம்புத் தகட்டை மெருகேற்ற இத்தனை நாள். மெழுகு பூசி ஊசியால் கீறி அமிலத்தில் வைக்க இத்தனை நாள். அந்த மரத்தை மட்டும் அமிலமில்லாமல் ஊசியால் நேரடியாகத் தகட்டில் கீறியிருந்தார். அப்படிக் கீறும்போது கோட்டின் ஓரத்தில் உலோகப் பிசிறு எழும்பும். அதில் மை பிடித்துக்கொள்வதால் அச்சில் கோடு மெத்தென்று கறுப்பாக விழும். பிரஸ்ஸின் அழுத்தத்தில் பிசிறு நசுங்கிக்கொண்டே போகும், கொஞ்சம் பிரதிகளிலேயே கோடு மெலிந்துவிடும் என்றும் சொன்னார்.

வந்தவர் உடனே கேட்டார்: "அப்போ முதல் பிரதிக்கும் கடைசிப் பிரதிக்கும் ஒரே விலைதானா?"

நண்பர் பதில் சொல்லவில்லை. உள்ளே போய்ப் படங்கள் வைத்திருந்த ஃபைலை எடுத்துவந்து, முதலில் அச்சடித்த ஒன்றையும் பிந்திய ஒன்றையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இரண்டு பேரும் குனிந்து வெகுநேரம் பார்த்தார்கள். அச்சகக்காரருக்கு மெலிந்த பிரதிதான் பிடித்திருந்தது. மரம் தூரத்தில் போய்விட்டது, அதுதான் நன்றாக இருக்கிறது என்றார். நண்பர் கறுப்புக் கோட்டுக்காக வாதாடினார். அன்றைக்கு அந்த அரங்கில் நடந்த மாதிரி ஒரு பேச்சை நான் எந்தக் கருத்தரங்கிலும் கேட்டதில்லை. "அதெல்லாம் நாள் கணக்கில் சொல்ல முடியாதுங்க" என்று முதலிலேயே வாயை அடைத்திருந்தால் அவர் தலையாட்டிவிட்டுப் போயிருப்பார்.

கலைஞர்கள் சேர்ந்து வாழும், வேலை செய்யும் இடங்கள் சிலவும் இந்தக் கணக்கின் மேல் எழுந்தவைதான். சென்னைக்குத் தெற்கே கடற்கரையில் சோழமண்டலம் ஓவியர் கிராமம் 1966இல் கே. சி. எஸ். பணிக்கர் தலைமையில் உருவானபோது, ஓவியர்கள் மெழுகு வைத்துச் சாயமேற்றும் பத்திக் துணியும் மற்ற கைவினைப் பொருள்களும் செய்து விற்றுத்தான் நிலம் வாங்கினார்கள். வண்ணத்துக்கு எத்தனை நாள், வயிற்றுக்கு எத்தனை நாள் என்று எண்ணி வாழ்ந்தவர்கள். அமெரிக்காவில் வர்ஜீனியாவின் அலெக்ஸாண்ட்ரியாவில் டார்பிடோ என்கிற கடற்படை வெடிகுண்டு செய்த பழைய தொழிற்சாலை ஒன்றை 1974இல் கலை மையமாக்கினார்கள். அங்கே கலைஞர் வேலை செய்துகொண்டிருக்கும்போதே பொதுமக்கள் ஸ்டுடியோவுக்குள் வந்து பேசலாம். தூரிகை கையில் இருக்கும்போதே கேள்வி வரும். அதுவும் வேலையின் ஒரு பகுதிதான்.

உங்களிடமும் நல்ல பதில் இருக்கிறதே! மெல்லிய அடிப்பூச்சு போட்டது எப்போது, அது காயக் காத்திருந்தது எவ்வளவு நாள், தடித்துப் பூசிய இடம் மேலே காய்ந்தாலும் உள்ளே இன்னும் ஈரமாக இருப்பது, வார்னிஷ் பூச ஆறு மாதம் வரை பொறுக்க வேண்டியிருப்பது. இதைச் சொன்னால் பாதிப் படம் ஏன் பாதியில் நிற்கிறது என்று அவருக்குப் புரியும். தனியாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டியதில்லை.

இயக்குநரிடம் கேட்பதானால் கேளுங்கள். அது நிர்வாக விஷயம், ஆயில் காய எவ்வளவு நாள் ஆகும் என்று சொன்னால் அவரும் யோசிப்பார். விலகுவது பற்றி இப்போது பேச்சே வேண்டாம். அதற்கு முன்னால் நாளைக்கே பக்கத்து அறைக்குப் போங்கள். புதிதாக வந்த ஒரு கலயத்தைக் காட்டி எத்தனை நாள் ஆச்சு என்று அவரிடம் கேளுங்கள். அவர் பதில் சொன்னதும் உங்களுக்கு என்ன இரண்டாவது கேள்வி தோன்றியது என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.